எதிர்த்தரப்பின் சம்மதத்தோடு

(வெள்ளானூரில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நான் வளர்ந்த ஊரிலேயே பேச அழைத்திருக்கிறீர்கள். என் அப்பா இந்த வெள்ளானூரிலிருந்து விடியற்காலையில் சைக்கிள் மிதித்து ஆவடி ஸ்டேஷனுக்குப் போவார். சைக்கிளை அங்கே போட்டுவிட்டு மின்சார ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் நடப்பார். அங்கே ஒரு கம்பெனியின் டைம் ஆபீசில் கிளார்க். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் வரவில்லை, யாருக்கு அரை நாள் என்று மஸ்டர் ரோலில் எழுதுவதுதான் வேலை. நான் சட்டம் படித்து முதலாளிகள் தரப்பு வழக்கறிஞராகி முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. நடத்திய வழக்குகளில் பாதிக்கு மேல் அப்படி ஒரு ரிஜிஸ்டரில்தான் தொடங்கின.

இங்கே சட்ட மாணவர்கள் இருக்கிறீர்கள். பட்டறை வைத்திருப்பவர்களும், சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். அதனால் எங்கள் தொழிலின் வினோதமான விதி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. வீட்டு வாடகைத் தகராறு என்றாலும் வக்கீல் வைக்கலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் தொழிலாளர் நீதிமன்றத்தில் நான் ஒரு கம்பெனிக்காக எழுந்து நின்று வாய் திறக்க வேண்டுமென்றால், எதிரே நிற்கும் தொழிலாளியோ சங்கமோ சம்மதிக்க வேண்டும். அதற்கு மேல் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இது 36ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவாக இருந்தது. சமரச அதிகாரி முன்னால் நடக்கும் பேச்சுவார்த்தையில் இதுவும் கிடையாது. அங்கே வக்கீலுக்கு இடமே இல்லை. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ளே பேச்சுவார்த்தை நடக்கும்போது நான் வெளியே மரத்தடியில் காத்திருந்த மதியங்கள் பல.

நடைமுறையில் பெரும்பாலும் இரு தரப்பிலும் வக்கீல் இருப்பார்கள். எதிர்ப்பு எதுவும் வராவிட்டால் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அதனால் இந்த விதி கண்ணில் படாது. எனக்கு அது முதல் ஆண்டிலேயே பட்டது. சீனியருக்கு உயர் நீதிமன்றத்தில் வேலை இருந்ததால் வழக்குக் கட்டை எடுத்துக்கொண்டு தொழிலாளர் நீதிமன்றத்துக்கு நான் ஓடினேன். வழக்கைக் கூப்பிட்டதும் சங்கச் செயலாளர் எழுந்தார். முதல் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தார். நீலச் சட்டை, விரல் நகங்களில் கட்டிங் ஆயிலின் கறை. "வக்கீல் ஆஜராகறதுக்கு எங்களுக்குச் சம்மதம் இல்லீங்க ஐயா" என்றார். அவ்வளவுதான். நான் கட்டை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். கம்பெனியின் பர்சனல் மேனேஜர், கால் நடுங்க, தானே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தார்.

மாலையில் டீக்கடையில் அந்தச் செயலாளரே என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உன் மேல கோவம் இல்ல. போன கேஸ்ல உங்க சீனியர் ஆறு வாய்தா வாங்கினாரு. எங்க ஆளு வீட்ல அடுப்பு எரியல. அதான்." அந்த ஆறு வாய்தாவில் மூன்று நான் கேட்டு வாங்கியவை. அதை அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து தேவையில்லாத வாய்தா கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஆவணம் கேட்டால் நீதிமன்றம் உத்தரவிடும்வரை காத்திராமல் கொடுத்துவிடுவது என்றும் வைத்துக்கொண்டேன். சில முதலாளிகள் இதனால் என்னை விட்டுப் போனார்கள். ஆனால் அதன் பிறகு நெடுங்காலம் எந்தச் சங்கமும் எனக்குச் சம்மதம் மறுக்கவில்லை. சம்பாத்தியம் என்று நான் கருதுவது அதைத்தான்.

இப்படி ஒரு விதி ஏன் தேவைப்பட்டது என்பதை இந்த ஊர்க்காரர்கள் வெகு தொலைவில் தேட வேண்டியதில்லை, பெரம்பூர் வரை போனால் போதும். 1918 ஏப்ரலில் பக்கிங்காம் கர்நாடிக் மில் தொழிலாளர்களுக்காக சென்னை தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோர் அதை வளர்த்தார்கள். 1920இல் தகராறு முற்றியபோது மில்லை நடத்திய பின்னி நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டுகிறார்கள் என்று வாடியா மீதும் மற்றத் தலைவர்கள் மீதும் நஷ்டஈட்டு வழக்கு. இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிர்வாகத்தின் வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். இடைக்காலத் தடையாணையும் கிடைத்தது. கடைசியில் வாடியா தொழிற்சங்க வேலையிலிருந்தே விலக நேர்ந்தது. தென்னிந்திய முதலாளிகள் கூட்டமைப்பு சென்னையில் தோன்றியதும் அதே 1920இல்தான்.

என் தொழிலின் முன்னோர்களுக்கு அது முழு வெற்றி. அதன் விளைவு என்ன? சங்கம் நடத்துவதே குற்றமாகிவிடும் என்று நாடு முழுவதும் அதிர்ச்சி எழுந்தது. தொழிலாளர் தலைவர் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் 1921இல் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கத்தின் மீது அப்படி ஒரு வழக்கே போட முடியாதபடி அதன் 18ஆம் பிரிவு கதவைச் சாத்தியது. பெரம்பூர் வழக்கு அவ்வளவு முழுமையாக வெல்லப்படாமல் இருந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு இன்னும் தாமதமாகத்தான் வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அதே மில்லில் இன்னொரு வழக்கு. மாணவர்களுக்கு இதை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன். 1948 நவம்பர் 1, சூரிய கிரகணம். அன்று முற்பகல் விடுமுறை வேண்டும் என்று கர்நாடிக் மில் தொழிலாளர்கள் கேட்டார்கள். நிர்வாகம் முடியாது என்றது. அன்று மாலை இரவு ஷிஃப்டைச் சேர்ந்த 800க்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். சில மணி நேரம்தான், இரவு 10 மணிக்குள் எல்லாம் ஓய்ந்துவிட்டது. ஆனால் நிர்வாகம், இது சட்டவிரோத வேலைநிறுத்தம், இதனால் பணித் தொடர்ச்சி அறுந்துவிட்டது, ஆகவே ஆண்டுக்கான சம்பளத்துடன் கூடிய விடுமுறை கிடையாது என்று நோட்டீஸ் ஒட்டியது. தீர்ப்பாயம் தண்டனையைப் பாதியாகக் குறைத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தொழிலாளர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் நிர்வாகம் சொன்னதே சரி என்றது.

அன்றைய சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வாதத்தை நானும் செய்திருப்பேன். ஆனால் நோட்டீஸ் ஒட்டுவதற்கு முந்தைய இரவு அந்த நிர்வாகம் என்னிடம் வந்திருந்தால், அந்த நேரத்துக்கான கூலியைப் பிடித்துக்கொண்டு அதோடு விடுங்கள் என்று சொல்லியிருப்பேன். சில மணி நேரத்துக்கு ஓர் ஆண்டு விடுமுறை என்ற கணக்கு தொழிலாளியின் மனதில் எத்தனை ஆண்டு நிற்கும் என்று கேட்டிருப்பேன். 1954இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தால் விடுமுறை உண்டு என்று ஆக்கினார்கள். அந்தத் தீர்ப்பினால்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சில மணி நேரத்தில் அறுந்துபோகும் தொடர்ச்சி என்ற கருத்து அதோடு போயிற்று.

நிர்வாகத் தரப்பு வழக்கறிஞரின் உண்மையான வேலை முதலாளியின் அறையில், நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்னால் நடக்கிறது. நீதிமன்றத்தில் நடப்பது அதன் மிச்சம்.

அந்த அறையில் இந்தப் பகுதி முதலாளிகள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "சார், 479ஆவது நாள் நிறுத்திடலாமா?" தமிழ்நாட்டில் 1981இல் ஒரு சட்டம் வந்தது. 24 மாத காலத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நோய், அனுமதி பெற்ற விடுப்பு, விபத்து, தொழிலாளியின் தவறில்லாமல் நின்ற நாள்கள் ஆகியவை தொடர்ச்சியை அறுக்காது. அம்பத்தூரிலும் திருமழிசையிலும் காக்களூரிலும் இந்த 480 என்ற எண்ணை அறியாத ஹெச்.ஆர். கிடையாது. நாளெண்ணி நிறுத்துவதும், ஒரு மாதம் கழித்து அதே ஆளை 'டிரெய்னி' என்று புதுப் பெயரில் எடுப்பதும் பழக்கமாகிப்போனது.

இதற்கு என் பதில் சட்டப் புத்தகத்திலிருந்து வந்ததில்லை, அப்பாவிடமிருந்து வந்தது. அவர் சொல்வார்: "மஸ்டர்ல பேரை வெட்டிடலாம். கேன்டீன் டோக்கன்லேயும் இ.எஸ்.ஐ. கார்டுலேயும் கேட் ரிஜிஸ்டர்லேயும் அவன் இருப்பான்." அப்படியேதான் நடந்தது. ஒரு வழக்கில், இந்த ஆள் எங்களிடம் அந்த மாதம் வேலையே செய்யவில்லை என்று கம்பெனி பதிலுரை தாக்கல் செய்தது. தொழிலாளி தரப்பில் ஒரே ஒரு காகிதம் கொடுத்தார்கள். ராத்திரி ஷிஃப்டில் லோடு ஏற்றியதற்கு அவர் கையெழுத்துப் போட்ட கேட் பாஸ். தேதி தெளிவாக இருந்தது. அந்தப் பதிலுரையை எழுதியவன் நான். கட்சிக்காரர் சொன்னதை எழுதினேன் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் கேட் ரிஜிஸ்டரைக் கொண்டுவாருங்கள் என்று கேட்காதது என் தவறு. இப்போது எந்தப் பதிலுரைக்கும் முன்னால் நானே டைம் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

அடுத்தது சார்ஜ் ஷீட். குற்றச்சாட்டுக் குறிப்பாணை என்று எழுதுகிறோம், பேச்சில் சார்ஜ் ஷீட்தான். பத்தாண்டுக்கு முன் ஒரு பிரஸ் ஷாப் முதலாளி வந்தார். முப்பது நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறை. பவர் பிரஸ் ஆபரேட்டர் ஒருவர், சூப்பர்வைசர் சொல்லியும் மெஷினை ஓட்ட மறுத்து இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார், ஆளைத் தூக்க வேண்டும் என்றார். சஸ்பென்ஷன் ஆகிவிட்டது. "சஸ்பென்ஷன் நாளுக்குப் பிழைப்பூதியம் கொடுக்க வேண்டும். முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், 180 தாண்டினால் முழுச் சம்பளம்" என்று சொல்லிவிட்டு, பட்டறையைப் பார்க்க வேண்டும் என்றேன்.

பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து டை இறங்கும். ஒரு கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டு. அந்த மெஷினில் இடது பட்டனைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் அழுத்திக் கட்டியிருந்தார்கள். ஒரு கையால் ஷீட்டைத் தள்ளி மறு கையால் பட்டனைத் தட்டினால் மணிக்கு எண்ணிக்கை கூடும். டேப் பழையது, ஓரமெல்லாம் எண்ணெயும் இரும்புத் தூளும் ஏறி இறுகியிருந்தது. ஒருநாள் இரண்டு நாளில் கட்டியதல்ல. பக்கத்து மெஷினில் நின்றவரின் வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

முதலாளியை அங்கேயே ஓரமாக அழைத்துச் சொன்னேன். உள்விசாரணையில் இந்த ஆள் சூப்பர்வைசரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்த டேப்பை யார் கட்டியது என்று. பதில் எழுத்தில் ஏறியதும் உங்கள் வழக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு உங்கள் மீது வழக்கு வரும். சஸ்பென்ஷனை ரத்து செய்யுங்கள், சம்பளத்தை முழுதாகக் கொடுங்கள், டேப்பை இன்றே கழற்றுங்கள். அவர் கோபப்பட்டார். "நான் ஃபீஸ் கொடுக்கறது நீங்க எனக்காகப் பேசறதுக்கு" என்றார். அவருக்காகத்தான் பேசினேன். இரண்டு நாள் கழித்துப் போன் செய்து, டேப்பைக் கழற்றிவிட்டதாகச் சொன்னார். அந்த வழக்குக்கு எண்ணே விழவில்லை. என் தொழிலில் நான் செய்த நல்ல வேலை எது என்று கேட்டால் எந்த நீதிமன்றப் பதிவிலும் இல்லாத இதைத்தான் சொல்வேன்.

1971 வரை நிர்வாகத் தரப்பு வக்கீலின் வேலை எளிது. கெட்ட எண்ணம், பழிவாங்கல், இயற்கை நீதி மீறல், சாட்சியத்துக்கு முற்றிலும் ஒவ்வாத முடிவு ஆகியவை இல்லையென்றால் பணிநீக்கத்தில் தீர்ப்பாயம் தலையிடக் கூடாது என்று 1950களில் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியிருந்தது. 1971 டிசம்பர் 15 முதல் தொழில் தகராறுகள் சட்டத்தில் 11-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. தண்டனை அதிகமா என்று நீதிபதியே பார்க்கலாம், குறைக்கலாம், வேலையில் திரும்பச் சேர்க்கலாம். தனி ஒரு தொழிலாளி அரசின் பரிந்துரைக்குக் காத்திராமல் நேரே தொழிலாளர் நீதிமன்றம் போகும் வழியைத் தமிழ்நாடு 1988இலேயே திறந்துவிட்டது, மத்திய சட்டம் அதைச் செய்ய 2010 ஆயிற்று. தொழிலாளர் தரப்பில் வாதாடிய ராவ் அண்டு ரெட்டி அலுவலகத்திலிருந்து வந்த வழக்கறிஞர்கள் இந்தப் பிரிவுகளை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதைத் தீர்ப்புத் தொகுப்புகளில் படியுங்கள். பின்னாளில் நீதிபதியான கே.சந்துரு அங்கிருந்து வந்தவர். அவர்கள் எதிரே நின்றதால்தான் எங்கள் தரப்பு வக்கீல்கள் ஒழுங்காக வேலை கற்றோம்.

நான் தோற்றதில் இன்னும் உறுத்தும் வழக்கு ஒன்று உண்டு. செம்புக் கழிவைத் திருடிய ஆள். விசாரணை நேர்மையாக நடந்தது. அப்போது சம்பள உயர்வு பற்றிய தகராறு தீர்ப்பாயத்தில் நிலுவையில் இருந்ததால், பணிநீக்கத்துக்கு அதே சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. பணிநீக்க உத்தரவு, ஒரு மாதச் சம்பளம், ஒப்புதல் மனு, மூன்றும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். நடந்தன. ஆனால் அந்த ஒரு மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகைப் படியைச் சேர்க்காமல் கணக்கிட்டுவிட்டார்கள். காசோலையின் தொகையை நான் சரிபார்க்கவில்லை. ஒப்புதல் மறுக்கப்பட்டது. ஒப்புதல் இல்லையென்றால் பணிநீக்கமே நடக்காததுபோல என்று 2002இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. அந்த ஆள் முழுச் சம்பளத்தோடு திரும்பினார். அவரைக் கையும் களவுமாகப் பிடித்த செக்யூரிட்டிக்காரர், மறுநாள் கேட்டில் அவருக்கே வணக்கம் சொல்ல வேண்டி வந்தது. அந்த செக்யூரிட்டிக்காரரிடம் நான் போய் மன்னிப்புக் கேட்டேன்.

வெற்றிக்கும் ஒரு கணக்கு உண்டு. பாரத் ஃபோர்ஜ் வழக்கை எல்லா ஹெச்.ஆர். வகுப்பிலும் சொல்கிறார்கள். 1983 ஆகஸ்டில் ஒரு தொழிலாளி காலை 11.40 மணிக்கு இரும்புத் தகட்டின் மேல் படுத்துத் தூங்கியபோது பிடிபட்டார். ஏற்கெனவே மூன்று முறை குற்றம் செய்திருந்தார். வேலையை விட்டு நீக்கியது சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2005இல். வகுப்பில் தீர்ப்பை மட்டும் சொல்கிறார்கள். நடுவில் போன 21 ஆண்டுகளை நான் சொல்கிறேன். நம் பகுதியில் ஒரு சின்னப் பட்டறையால் அப்படி 21 ஆண்டு வழக்கு நடத்த முடியாது. தொழிலாளியால் 21 மாதம்கூட முடியாது.

ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதற்கு இலங்கையில் வேறு வழி. அங்கே 1971ஆம் ஆண்டின் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஒழுங்கு நடவடிக்கை அல்லாத காரணத்துக்காக ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால் அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் ஒப்புதல் வேண்டும். அங்கேயும் இந்தச் சொல்தான், சம்மதம். நம் நாட்டில் ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி 100 பேர் கொண்ட ஆலைகளிலிருந்து தேவைப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் அது 300 ஆகிவிட்டது. என் கட்சிக்காரர்கள் மகிழ்கிறார்கள். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சியில்லை. அனுமதி கேட்க வேண்டிய கட்டாயம் இருந்ததால்தான் பலர் சங்கத்தோடு உட்கார்ந்து பேசி, சமரச அதிகாரி முன்னிலையில் 12(3) ஒப்பந்தம் போட்டார்கள். அந்தக் கட்டாயம் போனால் பேச்சும் போய்விடக் கூடாது. வக்கீலுக்கு எதிர்த்தரப்பின் சம்மதம் வேண்டும் என்ற விதியைப் புதிய தொகுப்பும் மாற்றவில்லை. அது இருப்பது நல்லது.

அந்த விதிக்கு இப்போது வேறு ஆபத்து வந்திருக்கிறது. முன்பு எதிரே சங்கம் நின்றது, மறுக்கத் தெரிந்தவர்கள் நின்றார்கள். இப்போது காண்ட்ராக்டில் வேலை செய்தவர் தனியாக வந்து நிற்கிறார். மறுக்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் கை கட்டிக்கொள்கிறார். அதனால் எதிரே தனி ஆள் நின்றால் நானே சொல்லிவிடுகிறேன்.

அண்மையில் அப்படி ஒரு பெண் வந்திருந்தார். அசெம்பிளி லைனில் ஆறு ஆண்டு நின்று வேலை செய்தவர். நீதிமன்ற வராந்தாவில் அவரிடம் போய், "அம்மா, கம்பெனிக்காக நான் பேசணும்னா உங்க சம்மதம் வேணும். நீங்க வேணாம்னும் சொல்லலாம்" என்றேன். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"வேணாம்னா யார் சார் பேசுவாங்க?"

"கம்பெனி மேனேஜர்."

"எங்க லைனுக்கு வருவாரே, அவரா?"

"அவரேதான்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நீங்க வேணாம் சார். அவரு எங்கிட்ட நேரா பேசட்டும்" என்றார்.

உள்ளே போய், எதிர்த்தரப்பு சம்மதிக்கவில்லை என்று நானே நீதிபதியிடம் சொல்லிவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மேனேஜர் எழுந்தார். அந்தப் பெண்ணும் கூண்டருகே வந்து நின்றார். ஆறு ஆண்டில் முதல்முறையாக இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள்.